பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவரை ஓர் அடுப்புக்குள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு திருமண விருந்துக்குப் போனேன். தூரம் சுமார் 130 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது. மகன் குமரனும் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னான். ஆனால் என் கணவர் விட்டுச் சென்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில்தான் போவேன் என்றேன். அந்தக் கார் என்னிடம் இருக்குமா போகுமா என்பது அன்று முடிவாக வேண்டியிருந்தது.

இரண்டு மாதமாகக் காருக்குள் தாங்க முடியாத வெக்கை. ஏர்கான் கடையில் மூன்று முறை கேஸ் போட்டார்கள். மூன்று முறையும் கடை வாசலில் குளிர்ந்தது, வீடு வருவதற்குள் வெந்தது. குமரன் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னான்.

"அம்மா, எழுபத்தி நாலு வயசுல இதெல்லாம் தேவையா? மண்டபத்துல வேர்த்து ஊத்திக்கிட்டு வந்து இறங்குனீங்கன்னா, சாவிய என்கிட்ட கொடுத்திடணும். சரியா?"

சரி என்றேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை. அது தெரிந்துதான் அவன் கேட்டான்.

துணைக்கு என் நாத்தனார் பார்வதி. இரண்டு மாதத்துக்கு முன் அவள் வற்புறுத்தித்தான் காருக்குப் பூஜை செய்தோம். குருக்கள் கட்டிய மஞ்சள் கயிறும் எலுமிச்சையும் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் அப்படியே இருந்தன. எலுமிச்சை மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு வற்றியிருந்தது.

பிற்பகல் ஒன்றரைக்குக் கிளம்பினோம். ஆயர் ஈத்தாம் வரை பொறுத்துக்கொண்டோம். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் பார்வதி காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, என் செருப்பு உருகுது லா!"

"கண்ணாடியை இறக்கு."

"இறக்குனா கொண்டை போயிடும். நாப்பது வெள்ளி கொடுத்துப் போட்டது."

மாச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தினேன். என் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் உதவிக்கு வந்தார்.

"ஆன்ட்டி, ரேடியேட்டர்ல தண்ணி இருக்கா?"

"இதில் ரேடியேட்டரே கிடையாது."

"அலமாக்! களவாண்டுட்டானுங்களா?"

இந்த வகைக் காரில் இயந்திரம் பின்னால் இருக்கிறது, காற்றாலேயே குளிர்கிறது, தண்ணீரே வேண்டாம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. முன்மூடியைத் திறந்து பார்த்து, சீர்வரிசைப் பலகாரப் பெட்டியைக் கண்டதும் மரியாதையாக மூடிவிட்டார்.

கான்வென்டில் எங்களுக்கு அறிவியல் நடத்திய சிஸ்டர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பார். அப்படியே செய்தேன். முன்பலகையில் ஏர்கான் காற்று வரும் துளையில் கை வைத்தேன்: நல்ல குளிர்ச்சி. ஆக ஏர்கான் குற்றவாளியில்லை. அதை அணைத்தேன். காலடியில் சூடான காற்று வந்துகொண்டேயிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், சூடு கூடியது. இயந்திரத்தின் சூடுதான் உள்ளே வருகிறது. யார் கதவைத் திறந்துவிட்டது?

அப்போதுதான் கேமரன் மலை ஞாபகம் வந்தது. மழையில் நான் நடுங்கியபோது என் கணவர் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த சிவப்புக் குமிழ் வைத்த நெம்புகோலை மேலே தூக்கினார். கால் சுட்டது. கீழே தள்ளினார். அதன்பின் அதை யாரும் தொட்டதில்லை. ஜொகூரில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்?

நெம்புகோல் இப்போது உச்சியில் நின்றது. மஞ்சள் கயிறு அதை இருக்கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

கையை வைக்கப் போனேன். பார்வதி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாமிக்கயிறு, அண்ணி! விருந்துக்குப் போற வழியில அவுக்கறதா?"

"இரண்டு மாதமாக நம்மை அவித்தது இதுதான்."

"வெந்தாலும் பத்திரமாத்தானே இருக்கோம்!"

கடைசியில் குருக்களையே தொலைபேசியில் அழைத்தோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அறுக்காதீங்கம்மா, அவுக்கலாம். அன்னிக்கே ஸ்டீரிங்ல கட்டுறேன்னுதான் சொன்னேன். மஞ்சக்கறை படியும், அந்தச் சும்மா கிடக்குற கம்பியில கட்டுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எட்டலைன்னு தூக்கிக் கட்டினேன்."

பார்வதி சிரித்த சிரிப்பு அடுத்த டோல் வரை ஓயவில்லை. கொண்டை ஊசியால் முடிச்சை அவிழ்த்ததும் அவள்தான். கயிறு ஸ்டீரிங்கிற்கு மாறியது. நெம்புகோலைக் கீழே தள்ளினேன். மீதி எண்பது கிலோமீட்டரில் புடவை காய்ந்தது.

மண்டப வாசலில் குமரன் டிஷ்யூ பெட்டியோடு நின்றான். என் கன்னத்தைத் தொட்டான்.

"ஜில்லுன்னு இருக்கீங்களே!"

"பின்னே?" என்று சொல்லிவிட்டு, சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

இதே வகைக் காரில் நம் நாட்டில் பயணம் போகிறவர்கள் கேஸ் போடுவதற்குமுன் ஹீட்டர் நெம்புகோலைப் பாருங்கள். அது கீழே தள்ளியிருந்தும் சூடு வந்தால், காருக்கடியில் உள்ள அடைப்பு மூடிகளும் அவற்றை இழுக்கும் கம்பிகளும் இறுகியிருக்கலாம். கார் ஆறியபின் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டோடு புகைநாற்றமும் வந்தால் ஓட்டாதீர்கள். புகைக்குழாயை உரசித்தான் அந்தக் காற்று வருகிறது. பூஜையின்போது குருக்கள் சொல்லும் இடத்தில் கட்ட விடுங்கள். கறை துடைத்தால் போய்விடும்.

மறுநாள் திரும்பும்போது சிம்பாங் ரெங்கத்தில் பெருமழை. பார்வதி முந்தானையைக் காதுவரை போர்த்திக்கொண்டு, ஸ்டீரிங்கில் ஆடிய கயிற்றையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, குளுருது. அந்தச் செகப்புக் கம்பிய கொஞ்சம் தூக்குங்களேன்."