அரண்மனைக்குப் பின்வாசல் தேடிய தனபாக்கியம்

தனபாக்கியத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அவளுடைய கோபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்துக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, அதே குடியிருப்பில் பக்கிரிக்கு வாழ்க்கைப்பட்டு, நடவு, களை, அறுப்பு என்று சேற்றிலேயே நாற்பது வயதைத் தொட்டவள். ஒல்லி உடம்பு. குரல் மட்டும் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். நடவுக்கு இறங்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. யாரை எந்த வயலில் இறக்குவது, எப்போது கரையேறுவது, பண்ணையிடம் என்ன கூலி பேசுவது, எல்லாம் அவள் பொறுப்பு. கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க மாட்டாள். பக்கிரி சாது. மனைவியின் குரல் ஏறுகிற மாதிரி தெரிந்தால் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கிளம்பிவிடுவான்.

கழகம் இரண்டாம் தடவையாக ஆட்சிக்கு வந்து, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டமும் வந்திருந்த சமயம் அது. அதற்கு முன்னாலெல்லாம் பண்ணையோடு முறைத்துக்கொண்டால் குடிசையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அந்தப் பயம் போனதும் தனபாக்கியத்தின் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்த வருஷம் சம்பா நடவுக்குக் கூலியை உயர்த்திக் கேட்டாள். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான சாரங்கபாணி முறுக்கிக்கொண்டு பார்த்தார். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போனது. கடைசியில் இறங்கி வந்தார். கேட்ட கூலியைக் கொடுத்துவிடுவதாகவும், வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாக வந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வயலில் இறங்கச் சொல்லியும் ஆள் அனுப்பினார்.

கொல்லைப் பக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தனபாக்கியத்துக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வயலில் வேலை செய்கிற சனம் பண்ணை வீட்டு முன்வாசலை மிதிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். தெருவைச் சுற்றி, மாட்டுக்கொட்டகைச் சந்துக்குள் புகுந்து, சாணிக் குப்பைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்க்கிற வரைக்கும் நிற்க வேண்டும். வெற்றிலையை முந்தானையில் போடுவார்கள், கை பட்டுவிடாமல். அவள் அம்மா அங்கே நின்றவள். இவளும் வயதுக்கு வந்த நாளிலிருந்து நின்றவள்.

"முன்வாசல்ல வச்சுக் குடுக்கட்டும். இல்லாட்டி நாத்து முத்திப் பாழாப் போவட்டும்னு சொல்லு போ" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள்.

இந்த இடத்தில்தான் அவளோடு நடவுக்கு இறங்கும் பெண்களே அவளுக்கு எதிராகத் திரும்பினார்கள். திரும்பாமல் என்ன செய்வார்கள்? வேலை இல்லாமல் எல்லா வீட்டிலும் அடுப்பு ஒரு வேளைதான் புகைந்துகொண்டிருந்தது. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த காளியம்மாள்தான் வாய் திறந்தாள். அவள் பயந்த சுபாவம், ஆனால் கணக்காகப் பேசுவாள்.

"கேட்ட கூலிதான் கெடச்சிடுச்சே யக்கா. அத எந்தப் பக்கமா போயி வாங்குனா என்ன? புள்ளைங்க வயித்துக்கு முன்வாசல், பின்வாசல் தெரியுமா?"

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பதில் இல்லாதபோது தனபாக்கியம் இன்னும் சத்தமாகப் பேசுவாள், பேசினாள். முடிவில் ஒரு தவணை மட்டும் வாங்கிக்கொண்டாள். தஞ்சாவூரில் விவசாயத் தொழிலாளர் ஊர்வலம் வருகிறது, அதற்குப் போய்விட்டு வந்து மறுநாள் காலையில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வது என்று. அன்றைக்கு அவர்கள் கொல்லைப் பக்கம் போனால் அதோடு தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட, இந்த வருஷம் விட்டால் இனி அந்தச் சந்திலிருந்து யாருக்கும் விடிவு கிடையாது என்று உள்ளுக்குள் பயந்தாள்.

ஊர்வலம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற லாரி சாயங்காலம்தான். ஆண்கள் சினிமாக் கொட்டகையைத் தேடிப் போனார்கள். "தஞ்சாவூரு வரைக்கும் வந்துட்டு அரமனையப் பாக்காம போறதா?" என்று தனபாக்கியம் பெண்களைக் கிளப்பினாள். காலையிலேயே பெரிய கோயிலைப் பார்த்தாயிற்று. நந்தியின் உயரத்தைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

கீழ ராஜ வீதியில் அரண்மனை வாசல் தெரிந்தது. பெரிய வளைவு, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையாக உயர்ந்த சுவர்கள். கால்சட்டை போட்ட இரண்டு பேர் கேமராவோடு உள்ளே போனார்கள். பட்டுப் புடவை கட்டிய ஒரு குடும்பம் வெளியே வந்தது. தனபாக்கியம் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவர் ஓரமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பெண்களும் பின்னாலேயே நடந்தார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

வடக்கு வீதி வந்தது. அதுவும் முடிந்து மேல வீதி வந்தது. வீடுகளும் கடைகளுமாக இருந்தனவே தவிர ஒரு சந்தும் அரண்மனைக்குள் விடுகிற மாதிரி தெரியவில்லை. புரட்டாசி வெயில் தலையைப் பிளந்தது. வெறுங்காலில் தார் ரோடு சுட்டது. கடைசியில் ஒரு வேப்ப மரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் தனபாக்கியம் போய்க் கேட்டாள்.

"ஏம்மா, அரமனைக்குப் பின்வாசல் எந்தப் பக்கமா போவணும்?"

"பின்வாசலா? உள்ள வேல பாக்குறீங்களா?"

"இல்ல, சுத்திப் பாக்க வந்தோம்."

அந்த அம்மாள் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்திப் பாக்க வந்தவங்களுக்குப் பின்வாசல் என்னத்துக்கு? கீழ வீதியில தொறந்து கெடக்கே, பாக்கலையா? எல்லா சனமும் அது வழியாத்தானே போவுது!"

முதலில் சிரித்தது காளியம்மாள்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா! பண்ணை வீட்டுக்கு முன்வாசல்தான் வேணும்னு எங்க அடுப்புல தண்ணி ஊத்துன ஆளு நீதானே? ராசா வீட்டுக்குக் கொல்லையத் தேடிக்கிட்டு ஊரையே சுத்த வச்சிட்டியே!"

தனபாக்கியத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலில் யாரும் அவளை விரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாகவே திரும்பினாள். இத்தனை நாள் சாரங்கபாணி மேல் கோபப்பட்டவளுக்கு இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வாயிதான்டி முன்வாசலக் கேட்டிருக்கு. காலுக்கு நான் இன்னும் சொல்லவே இல்ல" என்றாள். "வாங்க திரும்பி. இப்ப சொல்லுவோம்."

சுற்றிய வழியெல்லாம் திரும்பச் சுற்றி வந்தார்கள். வளைவுக்குக் கீழே நுழையும்போது ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட் கொடுக்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை பேரும்மா? நேராப் போங்க, இடது பக்கம் சிலையெல்லாம் இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக இருந்ததில் அவர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

உள்ளே செப்புச் சிலைகள் வரிசையாக நின்றன. சிவன், பார்வதி, கையில் ஒன்றும் இல்லாமல் ஒயிலாக நிற்கிற ராமன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊர்த் திருவிழாவில் சாமியைத் தேர் மேல் தூரத்தில் பார்த்ததுதான். மூக்கும் மூக்குத்தியும் தெரிகிற கிட்டத்தில் பார்த்தது இதுவே முதல் தடவை. தனபாக்கியம் ஒரு அம்மன் சிலைக்கு முன்னால் நின்று நகரவே இல்லை. "நம்ம தெரு அகிலாண்டத்து மக சாடையில்ல இருக்கு?" என்றாள். உண்மையாகவே அந்தச் சாடை இருந்தது.

அடுத்த கட்டடத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு கிடந்தது. எல்லாரும் பயந்து ஒதுங்க, காளியம்மாள் மட்டும் கடற்கரைக்காரி என்கிற உரிமையோடு கிட்டப் போய் விலாவைப் பார்த்தாள். "இத ஆஞ்சு கொழம்பு வச்சா நம்ம தெருவுக்கே வருஷத்துக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

தர்பார் மண்டபத்துக்கு வந்தபோது காளியம்மாள்தான் முன்னால் போனாள். தூண்களையும், மங்கிப்போன வர்ணத்தையும், நடுவிலிருந்த மேடையையும் பார்த்தாள்.

"ராசா இஞ்சதான் ஒக்காருவாரா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"அவரு ஒக்காந்திருந்தப்ப எங்கள உள்ள வுட்டிருப்பாரா?"

காவலாளி தன் காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு சிரித்தார். "என்னையே வுட்டிருக்க மாட்டாரும்மா. இப்ப யாரு வேணாலும் வரலாம்."

காளியம்மாள் மேடையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். தனபாக்கியத்துக்கோ மனசு தாங்கவில்லை. நடவு தொடங்கும்போது வயலில் இடுகிற குலவையை அந்த மண்டபத்தில் நின்று இட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் மேலே போய் முட்டி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கேமராக்காரர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். "சத்தம் போடக் கூடாதும்மா" என்று காவலாளி சொன்னார், குலவை முழுதாக முடிந்த பிறகு.

லாரியில் திரும்பும்போது தனபாக்கியம் யாரையும் வற்புறுத்தவில்லை. நியாயம் பேசவில்லை. பின்வாசலைத் தேடி நடந்த கால்களுக்குச் சொந்தக்காரி இனி மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று சும்மா இருந்தாள். காளியம்மாள் வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் தனபாக்கியம் அன்று சரியாகத் தூங்கவில்லை.

காலையில் பெண்கள் கூடினார்கள். தனபாக்கியம் பேச ஆரம்பிப்பதற்குள் காளியம்மாள் கிளம்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். பண்ணைத் தெரு முக்கில் மாட்டுக்கொட்டகைச் சந்து வலது கைப் பக்கம் பிரிகிறது. தனபாக்கியம் நடையைத் தளர்த்தினாள். காளியம்மாள் சந்தைத் திரும்பியும் பார்க்காமல் நேரே தெருவுக்குள் நடந்தாள்.

சாரங்கபாணி முன்வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே பெண்கள் வந்து நின்றதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொல்லைப் பக்கமால்ல வரச் சொன்னேன்?"

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். காளியம்மாள் முந்திக்கொண்டாள். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை ஒன்றும் தவறவில்லை.

"நேத்து தஞ்சாவூரு அரமனைக்குப் போயிருந்தோங்க. அங்கயும் கொல்லையத்தாங்க தேடுனோம். அப்படி ஒண்ணு இல்ல, எல்லாருக்கும் இதுதான் வாசல்னுட்டாங்க. ராசா ஒக்காந்த எடம் வரைக்கும் நேரா நடந்து போயிட்டு வந்துட்டோம். இனிமே ஒங்க வீட்டுக்கு மட்டும் சுத்திக்கிட்டு வர முடியாதுங்க."

தெருவில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. சாரங்கபாணி பெண்களைப் பார்த்தார். தெருக்கோடிக்கு அப்பால் மஞ்சள் பாய ஆரம்பித்திருந்த நாற்றங்காலைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "வெத்தலத் தட்ட இஞ்ச எடுத்துட்டு வாங்க" என்றார்.

தட்டு வந்தது. அவரே அதைக் கையில் வாங்கி நீட்டிக்கொண்டு படிக்கு மேலே நின்றார். வாங்க வேண்டுமானால் ஏற வேண்டும். தலைவி ஏறுவாள் என்று எல்லாரும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீ ஏறுடி மொதல்ல" என்றாள்.

காளியம்மாள் ஏறினாள். தனபாக்கியத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் முட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவளும் ஏறினாள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாரும் ஏறினார்கள்.