காசிநாதன் ஈரலும் ஊர்வலத்தின் முன்வரிசையும்

தியாகதுருகத்தில் காசிநாதனைத் தெரியாத ஆள் இருந்தால் அவன் அசலூர்க்காரன். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டுக் கரும்பு வெட்டப் போனவர், இன்றைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்களுக்குச் சொந்தக்காரர். எவன் கையையும் பிடித்து மேலே வந்தவரில்லை. கல்வராயன் மலைச் சாராயம் லாரி டியூபில் இறங்கி அவர் கொல்லை ஓரமாகவே போன காலத்திலும், ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுக்காக மறியல் செய்து ஜெயிலுக்குப் போன மனுசன். இரண்டாயிரத்து இருபதில் மறுபடி போராட்டம் கிளம்பியபோது முன்வரிசை யாருக்கு என்று எவனும் கேட்கவில்லை. திறந்த ஜீப்பில் நின்றபடி வருவார். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: வாயில் வாடை அடித்தால் வரிசையில் இடமில்லை. சொந்தத் தங்கச்சி மகன், ஆட்டோ ஓட்டும் அய்யப்பனையே கொடியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்.

அப்படிப்பட்டவருக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. சேதி அவருக்கு முந்தி ஊர் வந்து சேர்ந்தது.

டீக்கடையில் அய்யப்பன் காத்துக்கினு இருந்தான்.

"இன்னா மாமா, ஈரல் கெட்டுப் போச்சாமே? கடைச் சரக்கா, மலைச் சரக்கா?"

கடையே சிரித்தது. கூட்டாளி சின்னராசு மெதுவாக, "திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் ஊர்வலத்துக்கு இந்தவாட்டி வேற ஆளு முன்னால போவட்டுங்க" என்றார்.

காசிநாதன் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். "டேய் அய்யப்பா, நாளைக்கு வெறும் வயித்தோட வா. நானும் படுக்கறேன், நீயும் படு. யாரு ஈரல் குடிகார ஈரல்னு மெசினே சொல்லட்டும்!"

மறுநாள் கள்ளக்குறிச்சி ஸ்கேன் மேசையில் ஒருத்தர் பின் ஒருத்தராகப் படுத்தார்கள். வயிற்றில் சில்லென்று களிம்பு. டாக்டரம்மா காசிநாதனுக்குத் திரையைக் காட்டினார். "கிட்னி கறுப்பா இருக்கு பாருங்க. ஈரலும் கிட்டத்தட்ட அந்த நிறத்துல இருக்கணும். உங்களுது வெள்ளையா மினுங்குது."

அய்யப்பன் ஈரல் மினுங்கவில்லை. அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"மெசின் பொய் சொல்லுது!" காசிநாதன் கத்தினார். "நான் குடிச்சவனா?"

"குடிச்சாதான் கொழுப்பு வரும்னு யாரு சொன்னது? வடை, சக்கர போட்ட டீ, உக்காந்த எடம், இது போதும்" என்றார் டாக்டரம்மா.

பிறகு ஈரல் மெத்தா, கெட்டியா என்று பார்க்க இன்னொரு மெசின். விலா எலும்புச் சந்தில் ஒரு குமிழை வைத்து அழுத்தினால், உள்ளே யாரோ விரலால் சுண்டுவதுபோல் டப், டப். காசிநாதனுக்குப் பார்த்துவிட்டு, "மெத்துனு இருக்கு. நடந்தா கொழுப்பு கரையும்" என்றார். அய்யப்பனுக்குச் சுண்டினார். மறுபடி சுண்டினார். முகம் மாறியது.

"தம்பி, உங்களுது கெட்டிப்பட ஆரம்பிச்சிடுச்சி. வெள்ளையா தெரியலன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. குடிய இன்னைக்கே நிறுத்துங்க."

வெளியே வந்ததும் அய்யப்பன் குரல் இறங்கிவிட்டது. "மாமா, வெளிய சொல்லிடாதீங்க."

"உன் ஈரலக் காட்டித்தான் நான் என் எடத்தக் காப்பாத்திக்கணுமா? போடா."

திங்கட்கிழமை ஜீப் தயாராக நின்றது. பின்னால் ஒரே குசுகுசு. காசிநாதன் மைக்கைப் பிடுங்கினார்.

"என் ஈரல்ல கொழுப்பு இருக்குது. ஆமா, இருக்குது! சாராயம் குடிச்சி வந்ததில்ல, உங்க கூட்டத்துல வடை தின்னு தின்னு வந்தது. இந்த ஜீப்புல சொகுசா நின்னு வந்தது. சந்தேகப்படறவன் கிட்ட வா, ஊதிக் காட்டறேன். வர்றியா?"

ஒருத்தன் நகரவில்லை. வடைத் தட்டு நீட்டியவனை ஒரு முறை முறைத்தார். அவன் தட்டோடு பின்வாங்கினான். சட்டம் சட்டந்தான் என்று வரிசையில் ஒவ்வொரு வாயாகச் சோதித்துக்கொண்டு வந்தார். அய்யப்பன் முறை வந்தது. ஊதினான். வாடையில்லை.

காசிநாதன் கொடியை அவன் கையில் திணித்தார்.

"ஜீப்புல ஏறுங்க மாமா, வெயிலு" என்றான்.

"ஜீப்ப ஓரங்கட்டச் சொல்லு. கலெக்டர் ஆபீசு வரைக்கும் நடக்கறேன், எவன் எனக்கு முன்னால போறான்னு பாக்கறேன்!"

அவர் காலை எட்டிப் போட்டார். பின்னால் வந்த கூட்டம் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.