முந்திக்கொண்டு வந்த சங்கம்

நான் ஓட்டிக்கொண்டிருந்த தனியார் பஸ்ஸில் பிரேக்கை மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்தது, பொங்கலும் கழிந்தது. ஒரு நாள் காலை ஆரணி பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, லைனிங் மாற்றாமல் இனி இதைத் தொடமாட்டேன் என்று இறங்கிவிட்டேன். என் வேலை போயிற்று, தேய்ந்த லைனிங் போகவில்லை. அன்று மாலையே தெள்ளார் பக்கத்து ஆள் ஒருவர் என் சீட்டில் உட்கார்ந்து அதே வண்டியைத் தேவிகாபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் எனக்குப் புரியும்படி சொன்னார்கள். நான் ஒருவன் கத்தினால் முதலாளிக்கு உறைக்காது. சுற்றுவட்டாரத்து டிரைவர்கள் எல்லோரும் சங்கத்தில் சேர்ந்து, பிரேக்கைச் சரிசெய்யும்வரை அந்த சீட்டில் யாரும் உட்கார மாட்டோம் என்று நின்றால்தான் வழி பிறக்கும். ஆனால் தனியார் பஸ்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சங்கத்திலேயே இல்லை. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தரச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எனக்குத் தத்துவம் எல்லாம் தெரியாது. வேலை வேண்டும், பிரேக் பிடிக்கிற வண்டியில் வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேலே காதுகுத்து. அந்த அம்மா 'சுரண்டல்' என்று சொல்லும்போதெல்லாம் மாடியில் மேளம் உச்சத்துக்குப் போனது. மொய் எழுத வந்த இரண்டு பேர் வழி தவறி எங்கள் வகுப்பில் உட்கார்ந்து, கடைசிவரை மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

"உங்க லைன்ல வேலை செய்யற தோழர்களோட பெயர்களைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் அந்த அம்மா. எல்லோரும் முழித்தோம். எங்களுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. வண்டி கிளம்பும் நேரம்தான் பெயர். எட்டேகாலுக்குக் கல்யாணம் என்போம், பத்தரைக்குக் காய்ச்சல் என்போம். அந்த எட்டேகாலும் அவருக்கு அடுத்து அதே ரூட்டில் போகிற எட்டரையும் வகுப்பில் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டேகால் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் அடுத்த வண்டிக்கு உரிய சனங்களையும் ஏற்றிக்கொள்வார். எட்டரை விரட்டிப் பிடித்து, வளைவில் முந்தி, அடுத்த நிறுத்தத்தைக் காலி செய்வார். வருஷக்கணக்காக இதே பேஜார்.

இது எதுவும் தெரியாத அந்த அம்மா அழகாக ஒரு திட்டம் போட்டார். முதல் குழு முன்னால் போய்ப் பேச வேண்டும். இரண்டாவது குழு கொஞ்சம் பின்னால் வந்து, தயங்குகிறவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். முதல் குழுவுக்கு எட்டேகால் தலைவர், இரண்டாவதற்கு எட்டரை. வேறு எந்தத் தொழில்காரர்களிடம் சொல்லியிருந்தாலும் நல்ல திட்டம்தான். ஒரே ரூட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

மறுநாள் காலை எட்டேகாலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று.

"இன்னாயா, உருட்டிகினு போற?"

"சும்மா இரு. பின்னாடி வர்றவனுக்கு ஒரு ஆளு மிஞ்சக்கூடாது."

டீக்கடை, ஷேர் ஆட்டோ நிறுத்தம், பஞ்சர் கடை எதையும் விடவில்லை. கடைசி ஆள் சேரும்வரை வண்டியை உறுமவிட்டபடி நிற்பார். பட்டுப் பாவு சுற்றிய உருளையை மொபெட்டில் கட்டிக்கொண்டு போன நெசவாளி ஒருவர், என்ன கூட்டம் என்று நிறுத்தினார். பாவு ஏற்றிக்கொண்டு போவதும் போக்குவரத்துதானே என்று அவரையும் சேர்த்துவிட்டார். அப்போதுதான் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டரை தன் ஆட்களோடு வளைவில் எங்களை முந்திப் பறந்தார்.

"பாத்தியா அவன் வேலைய!" என்று எட்டேகால் முறுக்கிய முறுக்கில் நான் அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே என் பிழைப்பு தொங்குகிறது, இவர்கள் இருவரும் ரேஸ் விடுகிறார்கள். இந்த இரண்டு பேரை நம்பியா வேலை திரும்பக் கிடைக்கப்போகிறது என்று அழுகையும் வந்தது.

தேவிகாபுரத்தில் எட்டரை பைக் சீட்டைத் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார். "சங்கம், சங்கம், சங்கம்! வா வா வா, கெளம்பிடுச்சி!"

எட்டேகால் இறங்குவதற்குள் பதில் கூவினார். "அவன்கூட சேராதீங்கப்பா, வழியெல்லாம் நின்னு நின்னு போவான். நம்மளுது நேரா போவும்!"

"ரெண்டும் ஒரே சங்கம்தானேங்க?" என்றார் ஒரு ஷேர் ஆட்டோக்காரர்.

"சங்கம் ஒண்ணுதாம்பா. நாங்க முன்னாடி போவோம்."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஆனால் சனம் ஓடி வந்தது. கிளம்பிவிட்டது என்று யாராவது கத்தினால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் முதலில் ஏறிவிடுவார்கள், எங்கே போகிறது என்பதை டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்வார்கள். லாரிக்காரர், மினி பஸ்காரர், வேன்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்தார்கள். சிலர் இரண்டு பக்கமும் சேர்ந்தார்கள்.

என் பஸ்ஸும் அங்கேதான் நின்றது. தெள்ளார் ஆளை எட்டேகால் ஒரு கையிலும் எட்டரை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தெள்ளார் ஆளின் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, அந்த பிரேக்க நெனச்சா எனக்கு சோறே எறங்கலண்ணே. எறக்கத்துல கண்ண மூடிகினு சாமி கும்புட்டுகினு வர்றேன்."

"கண்ண மூடாதடா பாவி" என்றேன். அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அன்று வண்டியை மெல்ல ஊரவிட்டே ஆரணிக்குக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டுவிட்டு, நானும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாலையில் எட்டேகாலும் எட்டரையும் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, யாருக்கு ஆள் அதிகம் என்று கேட்டார்கள். "மொத்தமும் நம்ம ஆளுங்கதானே தோழர்?" என்றார் அவர். "அது இன்னா கணக்கு மேடம்?" என்று இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டார்கள்.

முதலாளி வேறு டிரைவர் தேடினார். சந்தவாசல்வரை ஆள் அனுப்பினார். போன இடமெல்லாம், லைனிங் மாற்றட்டும், நாங்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டோம் என்றே பதில் வந்தது. ஒருவர், தான் இரண்டு தடவை சேர்ந்திருப்பதாகவும், அதனால் இரண்டு மடங்கு முடியாது என்றும் சொன்னாராம். ஷெட்டில் நின்ற வண்டிமேல் கோழிகள் ஏறிப் படுத்தன. கடைசியில் மெக்கானிக் வந்தார். அதன் பிறகு எனக்குப் போன் வந்தது.

"போட்டாச்சி. வந்து எடு" என்றார் முதலாளி.

மறுநாள் வண்டி நிறைய சனத்தோடு கிளம்பினேன். தேவிகாபுரத்துக்கு முன்னால் ஒரு ஆடு குறுக்கே ஓடிவந்தது. என்னை அறியாமல் மிதித்தேன். வண்டி அந்த இடத்திலேயே அறைந்தாற்போல் நின்றது. ஆடு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போயிற்று. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், யாருடைய தக்காளிப் பையோ கவிழ்ந்தது.

"யோவ், வண்டி ஓட்றியா இன்னா பண்ற? இப்படியா பிரேக் அடிப்ப? அறிவு கீதா உனக்கு?" என்று பின்னால் ஒருவர் ஆரம்பித்தார். ஊர் வந்து சேரும்வரை அவர் ஓயவில்லை. என் வாழ்க்கையில் யார் திட்டியும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.