பின்பக்கத்து அளவு

பாண்டுரங்கன் சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் பதினாறு வருஷம் செயின்மேனாக இருந்தவன். அளவு டேப்பின் பூஜ்ய முனையைப் பிடிப்பவனுக்குத்தான் அங்கே செயின்மேன் என்று பெயர். இடுப்பில் குண்டுநூலோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கடியில், சர்வேயர் காட்டிய ஆணிக்கு நேர் கீழே, முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சர்வேயர் இழுத்துப் படிப்பார். பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டு மறுபடியும் அளப்பார்கள். ஷாஃப்ட் என்கிற இரண்டு செங்குத்துக் குழிகளிலிருந்து குடைந்துகொண்டு வரும் வழிகள் நடுவில் சந்திக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். அவன் முனை பிடித்த வழி எதுவும் சந்திக்காமல் போனதில்லை. எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் சர்வேயர் லீவில் போகும்போது, பாண்டு சொன்னால் எழுதிக்கொள் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது. அதன்பின் இருபது வருஷம் பெங்களூரில் கட்டட வேலைகளில் மேஸ்திரிகளுக்கு அளந்து கொடுத்தான். இப்போது அறுபத்தொன்று. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாருக்காவது சுவர்த் தகராறு என்றால் இன்றைக்கும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பைத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பான். மழையில் அளக்க மாட்டான்.

ஒரே பிள்ளை சுனில். பெங்களூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. காலை முதல் ரயிலில் போய் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவான். போன வருஷம் வரைக்கும் அவன் திரும்புவது நிச்சயமில்லாமல் இருந்தது. ஒரு நாள் பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் குடித்துவிட்டு மூக்கில் ரத்தம் வழியக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தது பாண்டுரங்கனின் சிநேகிதன் சிரில். மறுநாளே மருமகள் இந்து குழந்தையோடு மைசூர் மைன்ஸில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள். ஒரு வருஷம் அவர் தொடாமல் இருக்கட்டும், மாமா, நானே வந்துவிடுகிறேன். சுனில் அன்றோடு விட்டான். ஜூன் மாதம் வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. பாண்டுரங்கன் இதைக் காலண்டரில் பென்சிலால் குறித்துவந்தான்.

அந்த ஜூனில்தான் ஸ்டேஷன் ரோட்டில், மூடிக்கிடந்த ஒரு பழைய கடையில் அரசாங்கமே மதுக்கடை திறக்கப் போகிறது என்று செய்தி வந்தது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில், சுனில் தினமும் நடக்கிற வழியில்.

பாண்டுரங்கனுக்கு மதுவே கூடாது. தனியார் கடை, அரசாங்கக் கடை என்கிற பேதமெல்லாம் அவனிடம் கிடையாது. சிரில் அப்படி இல்லை. சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவன், யூனியனில் இருந்தவன், எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பவன். முப்பது வருஷமாக டீக்கடை பெஞ்சில் இருவரும் இந்த வழக்கைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாராயத்தை ஒழித்தார்களே, நாம் செத்தா போனோம் என்பான் பாண்டுரங்கன். ஒழித்த மறுவாரமே பாக்கெட் வந்துவிட்டது என்பான் சிரில். ஆந்திரா பார்டரிலிருந்து வருவதையும், விடியற்காலையில் வீட்டுக்குள் வைத்து இருபது ரூபாய் கூட வாங்கிக்கொண்டு விற்பதையும் சொல்வான். அரசாங்கக் கடையில் ரசீது இருக்கிறது, மூடும் நேரம் இருக்கிறது, கலப்படம் இல்லை, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்பான். கேள்வி கேட்கிறவன் போதையில் இருப்பானே என்று பாண்டுரங்கன் சொல்ல, பெஞ்சே சிரிக்கும். டீக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் சிரில்தான்.

பாண்டுரங்கனின் மனைவி பார்வதம்மா மகளிர் சங்கத்தில் இருந்தாள். சங்கத்துப் பெண்கள் எல்லாக் கடையையும் மூடு என்று மனு எழுதினார்கள். அது நடக்காது என்று பாண்டுரங்கனுக்குத் தெரியும். அவன் விதியைத் தேடிப் படித்தான். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது, ஆள் நடந்து போகும் வழியில் அளக்க வேண்டும் என்றிருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் லைன் கமிட்டி நடத்துகிற ஒரு நர்சரிப் பள்ளி உண்டு. அதன் செக்ரட்டரி சிரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அளந்தார்கள். சிரில் முனையைப் பிடிக்க, பாண்டுரங்கன் படித்தான். பிறகு இடம் மாறினார்கள். இரண்டு தடவையும் தொண்ணூற்று நான்கு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். கடை வராது. பாண்டுரங்கன் டேப்பைத் துடைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சிரில் கேட்டான்.

"பின்னாடி சந்து வழியா வந்தா எவ்ளோ வரும் பாண்டு?"

"பின்னாடி ஏது கேட்டு? செவுருதானே கீது."

"சும்மா கேட்டேம்பா. ஆபீசருங்க ஏதாச்சும் கேட்டா சொல்லணும்ல?"

ஒரு அளவு விட்டுப்போயிற்று என்று யாராவது சொன்னால் பாண்டுரங்கனால் வீட்டுக்குப் போக முடியாது. வெயில் ஏறிவிட்டிருந்தும் சந்தைச் சுற்றி வந்து, பின்சுவரின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்தும் இரண்டு தடவை அளந்தான். நூற்று முப்பத்தொரு மீட்டர் இருபது. இரண்டையும் ஒரே தாளில், படம் வரைந்து, திசை குறித்து, கையெழுத்துப் போட்டு சிரிலிடம் கொடுத்தான். பள்ளியின் ஆட்சேபக் கடிதத்தோடு அது போக வேண்டும். எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன், நீ கண் ஆபரேஷனுக்குக் கிளம்பு என்றான் சிரில்.

வேலூரில் பாண்டுரங்கனுடைய அக்கா வெங்கடம்மா வீட்டில் தங்கி ஆபரேஷன் செய்துகொள்வதாக ஏற்பாடு. பார்வதம்மாவும் கூடப் போனாள். பத்து நாள் கட்டோடும் சொட்டு மருந்தோடும் இருந்தபோதும் அவன் அக்காவிடம் இந்தத் தொண்ணூற்று நான்கைப் பற்றியே பேசினான். சிரில் மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்க மாட்டான் என்றும் சொன்னான்.

திரும்பி வந்த மறுநாளே கலால் இன்ஸ்பெக்டர் அளக்க வந்தார். பாண்டுரங்கன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டேப்பை எடுத்துக்கொண்டு, பார்வதம்மாவோடு பள்ளிக்குப் போனான். பள்ளியின் முன்வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. புதுச் செங்கல். பூச்சு இன்னும் பூசவில்லை. கலவை ஈரமாக இருந்த இடங்கள் கறுத்துத் தெரிந்தன. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாகத் தெரிந்தது.

கேட் பின்பக்கம் போயிருந்தது. நீலப் பெயிண்ட் அடித்த புது இரும்புக் கேட். அவன் சாக்பீஸால் கோடு போட்ட அதே இடத்தில், கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக வைத்திருந்தார்கள். உள்ளே புதிதாக ஒரு கக்கூஸ் பாதி எழும்பியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர், மரியாதையான மனிதர். டேப் பிடிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் பாண்டுரங்கனைக் காட்டினார்கள். சிரில் மட்டும் காட்டவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

பாண்டுரங்கன் குனிந்து பூஜ்யத்தைப் பிடித்தான். முப்பது, அறுபது, தொண்ணூறு என்று நகர்ந்து, கடைசியில் இன்ஸ்பெக்டரின் ஆள் வாய்விட்டுப் படித்தான். நூற்று முப்பத்தொன்று இருபது. ஒரு சென்டிமீட்டர் மாறவில்லை.

சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். பார்வதம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து, போடாதீங்க என்றாள். அவன் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கீழே தமிழில் ஒரு வரி எழுதினான்: அளவு சரி. இந்தக் கேட் பன்னிரண்டு நாள் முன்பு இங்கே இல்லை. என்ன எழுதினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னான். இன்றைக்கு இருப்பதைத்தான் என்னால் அளக்க முடியும், ஐயா, பள்ளி ஆட்சேபக் கடிதமும் கொடுக்கவில்லை என்று அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எல்லாரும் போன பிறகு சிரில் கிட்டே வந்தான்.

"பாண்டு, கோவப்படாம கேளு. இருபத்தாறு புள்ளைங்க, ஒரு கக்கூசு இல்ல. கடைக்கு எடம் வாடகைக்கு வுடற கட்டடத்துக்காரன் கட்டித் தரேன்றான், செவுரும் அவன் செலவு. கவர்மெண்ட் கடை வந்தா அந்த விடியக்கால வீட்டு வியாபாரம் ஒழியும். இத நான் முப்பது வருஷமா உன் மூஞ்சிக்கு நேராத்தானே சொல்றேன்?"

"சொன்ன. கேட்டை மாத்தப் போறேன்னு சொன்னியா?"

சிரில் சாவிக்கொத்தைப் பையில் போட்டான்.

"சுனிலைத் தூக்கினு வந்தது நீதானே?"

"நானேதான். குடிக்கறவன் எங்க இருந்தாலும் தேடிப் போவாம்பா. விட்டவன் கடை வாசல்லயே இருந்தாலும் விட்டவன்தான். உன் புள்ள மேல எனக்கு நம்பிக்க கீது. உனக்கு இல்லியா?"

பாண்டுரங்கன் டேப்பைத் துடைக்காமலே சுற்றினான். கடிதத்துக்கென்று கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்டான். அது கட்டடத்துக்காரனிடம் இருக்கிறது என்றான் சிரில். அதற்கப்புறம் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை கடை திறந்தது. சிரில் சொன்னபடியே ரசீது கொடுத்தார்கள், விலைப் பட்டியல் தொங்கவிட்டார்கள். விடியற்காலை விற்பனை நடந்த வீட்டிலும் அது நிற்கவில்லை. கடை மூடிய பிறகு அங்கே கூட்டம் கூடியதாகப் பார்வதம்மா சொன்னாள். பாண்டுரங்கன் ரயில் நேரத்துக்குச் சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போனான். பிள்ளையோடு பேசிக்கொண்டே நடந்து, கடையைக் கடந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

ரயில் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் போனார்கள். சுனில் இல்லை. போன் அடித்தான், எடுக்கவில்லை. பிளாட்பாரம் காலியாகும்வரை நின்றான். பிறகு வேகமாக ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்து, கடைமுன் நின்ற வரிசையின் கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான். பக்கத்துச் சந்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் குனிந்து பார்த்தான். இன்னா பெருசு, நீயுமா என்று ஒருத்தன் கேட்டான். அவன் அடுத்த முகத்தைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது சுனில் வாசல் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை செம்மண்.

"எங்கப்பா போயிருந்த?"

ஸ்டேஷனுக்கு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் அளவில் பாதியைச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பறம் கடையில தேடிட்டு வரேன்."

"யாரை?"

பாண்டுரங்கன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

சுனில் இரண்டாவது ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டினான். "நான் முந்தின ஸ்டேஷன் உரிகத்துலயே எறங்கி நடந்து வந்தேன். அந்த ரோட்டுப் பக்கமே வரவேணாம்னு. தினமும் அப்படித்தான் வரலாம்னு இருந்தேன்." ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, "பத்து மாசமாவுதுப்பா," என்றான்.

கால் கழுவ பாண்டுரங்கன் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தான். ஊற்றப் போன கையிலிருந்து சுனில் சொம்பை வாங்கி, தானே ஊற்றிக்கொண்டான்.