மாடசாமிக்கு நான் எழுதிய உணவுத்தாள்

மட்டாஞ்சேரியில் மாலை நான்கு மணிக்குத் தின்னும் பழம்பொரி சாப்பாட்டுக் கணக்கில் வராது. சர்க்கரை நோயாளியிடம் நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சோற்றையும் மீனையும் மட்டும் சொல்வார்கள். நான்கு மணிக்கு என்று நான் இழுத்தால், "சாயாவும் ரெண்டு பழம்பொரியும். அது சாப்பாடு இல்லையே மேடம்" என்று என்னைத் திருத்துவார்கள். வாழைப்பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்துத் தின்றுவிட்டு இப்படிச் சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! திருநெல்வேலியில் என் நோயாளிகளும் பொய் சொன்னார்கள். ஆனால் சொல்லும்போது முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் கணவருக்கு ஏலூரில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். மட்டாஞ்சேரி மருத்துவமனையில் டயட்டீஷியன் என்று எனக்குக் கேண்டீன் ஓரமாக ஓர் அறை கொடுத்தார்கள். டாக்டர்களுக்கு நான் கஞ்சிக்கு உப்புப் பார்க்கும் ஆள். போகட்டும், சத்துணவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அவர்கள் தொப்பையைப் பார்த்தாலே தெரியும்.

கொச்சங்காடியிலிருந்து வந்த மாடசாமிதான் எனக்கு ஆறுதல். மாநகராட்சியில் குப்பை அள்ளுபவர். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கால் பெருவிரலில் புண். சர்க்கரை இறங்கினால்தான் விரல் தப்பும். நம்ம ஊர்க்காரராயிற்றே என்று அவருக்கு மட்டும் நான்கு பக்கம் கைப்படத் தமிழில் எழுதி, எல்லாம் இதில் இருக்கிறது என்று கொடுத்தேன். இரண்டு மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை.

"தாளைப் பாத்தீங்களா இல்லையா?"

"தெனமும் பாக்கேன் மேடம். சாமி படத்துக்குப் பக்கத்துலதான் ஒட்டியிருக்கு."

கும்பிடவா எழுதிக் கொடுத்தேன்? வாயைக் கட்ட முடியாத மனுஷன், இந்த ஊர்த் தண்ணி உங்களையும் கெடுத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுமாதம் விரலை எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்குப் போய் அவர் மனைவி செல்வியிடம் புதிதாக எழுதிய தாளை நீட்டி, "சத்தமா வாசிங்க, அவர் காதுல விழட்டும்" என்றேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்தான் வாய் திறந்தாள்.

"எங்க வீட்டுல ஆருக்கும் தமிழ் வாசிக்க அறியாது மேடம். எல்லாரும் மலையாளமாக்கும் படிச்சது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல் நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நம்ம ஆளுன்னு நெனச்சு நீங்க கைப்பட எழுதித் தந்தது" என்றார் மாடசாமி, கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி. "எப்படி மேடம் சொல்ல?"

அச்சடித்த மலையாளத் தாள்கள் என் அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மற்றவர்களுக்கு நர்ஸ்தான் கொடுப்பாள், நான் தொட்டதில்லை. ஒன்றை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தேன். மடமடவென்று வாசித்தாள். நடுவில் மாடசாமி ஒரு வரியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம். பஸ்ஸில் வைட்டிலா என்ற போர்டைத் தாண்டி எனக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை வாசிக்கத் தெரியாது. தாளை மகள் பக்கமே திருப்பிவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"மோளே, பதுக்கெ, மெல்ல வாசி" என்றார் மகளிடம். "மேடத்துக்கும் வெளங்கணும்."