என் படகில் உட்கார்ந்து பேசியவர்

பிள்ளைகளே, பழவேற்காடு ஏரியில் வலை போட ஆளுக்கொரு நாள் முறை உண்டு. என் முறை வந்த அன்று, கரையில் கிடந்த என் படகில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கலைந்த தாடி, காலரில் மைக். பட்டணத்தில் ஒரே சத்தமாம். பாட்காஸ்ட் பேச இங்கே வந்தாராம்.

“டிவி செய்தில தலைவருங்க சண்டதான். எங்க தெரு பள்ளத்த எவன் காட்றான்? ஜனங்க பேச்ச எவன் கேக்கறான்?”

“இன்னா சார் இது, எறங்கு. லேட்டானா என் முறை போய்டும்.”

“உஷ்! ரெக்கார்டிங், அண்ணே.”

நான் வாய் திறந்தபோதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தார். பொறுக்க முடியாமல் அவரோடு சேர்த்தே படகைத் தள்ளினேன். வலை இறக்கி முடிக்கும்வரை தெருவைப் பற்றியே பேசினார். ஜனங்களுக்காக அவ்வளவு வருந்தியவர், எதிரில் நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏனென்று எனக்கு இன்றும் புரியவில்லை.