வளைவை எடுத்த பிறகு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில், எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே ஒரு வளைவு இருந்தது. அதன் உள்பக்கம் ஒரு பெரிய புளியமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த வண்டியும் அங்கே ஊர்ந்துதான் வரும். என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு கம்பெனி பஸ் ஓட்டினார். காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, வளைவில் கியரைக் குறைத்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். தண்ணீர்க் குழாய் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு அந்த ஹாரன்தான் கணக்கு. இரண்டு தடவை கேட்டால் வண்டி மெதுவாகிவிட்டது, கடக்கலாம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். வாய் பேசிக்கொண்டிருக்கும், கால் தானாக இறங்கும்.

எண்பதுகளின் கடைசியில் மரத்தை வெட்டி, வளைவை எடுத்து, சாலையை அகலமாக்கினார்கள். வேகம் நாற்பதுக்குள் என்று எழுதி ஒரு பலகையும் நட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “இன்னா ரோடுமே! டம்ளர்ல டீய வச்சா அலுங்காது” என்றார். இரண்டு மாதம் கழித்து, சாப்பிடும்போது வேறு மாதிரிச் சொன்னார். “முன்னெல்லாம் வளைவு வந்தா ஒடம்பே முழிச்சிக்கும். இப்போ கொழாய எப்போ தாண்டுனேன்னே தெரில. பாத்தா வண்டி கம்பெனி கேட்டாண்ட வந்து நிக்குது.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஒரு காலை இரண்டு ஹாரன் கேட்டது. வழக்கம்போல் இறங்கினேன். பஸ் மெதுவாகவில்லை. கை பழக்கத்தில் ஹாரனை அடித்திருக்கிறது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தது, என்னை நேராகப் பார்த்துக்கொண்டும் இருந்தது. நான் பின்னால் விழுந்தேன். பஸ் போன காற்றில் என் முந்தானை எழும்பி அடங்கியது. அன்று சாயங்காலம் வந்தவர், “இன்னாமே, காலைல கொழாயாண்ட ஒன்னக் காணோம்?” என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்த மனுஷன் இனி ஸ்டியரிங்கைத் தொடுவாரோ என்று பயம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், ஹாரனை நம்பாதீங்க, பார்த்து இறங்குங்க என்றேன். “கட்டுன புருசன் வண்டிக்கே பயப்படுறியாடி? ராத்திரி இன்னா சண்டையா?” என்று குழாயடியே சிரித்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் அக்காவுக்குச் சின்னச் சின்னதாக இரண்டு பிள்ளைகள். அதை நினைத்துத்தான் நாலாம் நாள் அவரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து சாலைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பலகையின் அடியில் வெகுநேரம் நின்றார். “இத எப்போ வச்சாங்க?” என்றார். தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போகிறவர். “நாளைலேந்து ஹாரன் கெடையாது. மெதுவாத்தான் வருவேன். அவுங்கள பாக்கச் சொல்லு.”

மறுநாள் சொன்னபடியே ஹாரன் இல்லாமல், நடக்கிற வேகத்தில் பஸ் வந்தது. குழாயடியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் காதில் வாங்காமல் எல்லாரும் பேசிக்கொண்டே ஹாரனுக்காகக் காத்திருந்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி. முன்னே போகிறவன் இந்த நல்ல ரோட்டில் ஏன் ஊர்கிறான் என்று அந்த டிரைவருக்கு எரிச்சல் வந்திருக்கும். இரண்டு தடவை ஹாரன் அடித்து, வலப்பக்கம் ஒடித்து முந்தினான்.

அக்கா காலை எடுத்து வைத்தாள். அவள் முந்தானையைக் குழாயடிக்கு வந்ததிலிருந்தே நான் கையில் சுற்றி வைத்திருந்தேன்; சுண்டி இழுத்தேன்.

இப்போது அங்கே சாலை இன்னும் அகலம். வண்டிக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். நான் ஓரத்திலேயே நிற்கிறேன்.